எதிர் வண்டிக்காரர் தப்பை ஒப்புக்கொள்ளவில்லையா? இழப்பீடு கேட்கும் வழி

விபத்து நடந்த இடத்தில் “ஸாரி சார், என் தப்புதான்” என்றவர், காவல் நிலையத்துக்கு வந்ததும் “அவர்தான் வேகமா வந்து இடிச்சாரு” என்று மாற்றிச் சொல்வது உண்டு. உடனே “இனி ஒண்ணும் கிடைக்காது” என்று சிலர் கோரிக்கையையே விட்டுவிடுகிறார்கள். அப்படி விட வேண்டியதில்லை.

எதிர் ஓட்டுநர் ஒப்புக்கொண்டால்தான் இழப்பீடு என்று சட்டம் சொல்லவில்லை. மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம், குற்றவியல் நீதிமன்றம் போலச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கச் சொல்வதும் இல்லை. இரண்டு தரப்பு சொல்வதில் எது நடந்திருக்க அதிக வாய்ப்பு உண்டு என்றே பார்க்கிறது. அதைக் காட்டும் தடயங்களைச் சேர்ப்பதுதான் நம் வேலை.

சாலையிலேயே செய்ய வேண்டியவை

யாருக்காவது காயம் என்றால் முதலில் 108. அடுத்து, முடிந்தவரை வண்டிகளை நகர்த்தும் முன் போனை எடுங்கள்.

• இரண்டு வண்டிகளும் நிற்கும் நிலையை நான்கு பக்கமும் தூரத்திலிருந்து எடுங்கள். பிறகு அடிபட்ட இடங்களையும் நம்பர் பிளேட்டுகளையும் அருகில் எடுங்கள்.
• பிரேக் தடம், உடைந்த கண்ணாடி, சிக்னல், சாலைக்கோடு, அறிவிப்புப் பலகை ஆகியவையும் படத்தில் வர வேண்டும்.
• பார்த்தவர்களின் பெயரையும் போன் எண்ணையும் கேட்டு வாங்குங்கள்.
• எந்தக் கடையில், எந்தக் கம்பத்தில் சிசிடிவி இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பழைய பதிவுகள் சில நாட்களில் அழிந்துவிடும்.
• எம்பரிவாகன் செயலியில் எதிர் வண்டியின் எண்ணைப் போட்டு, இன்சூரன்ஸ் நடப்பில் உள்ளதா என்று பாருங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. நீங்கள் நேராகப் போகிறீர்கள். எதிரே வந்த கார் வலப்பக்கம் திரும்பி உங்களுக்குக் குறுக்கே வருகிறது. உங்கள் முன் பம்பரும் அவருடைய இடப்பக்கக் கதவும் நசுங்குகின்றன. அவர் உங்கள் பாதையைக் கடந்துகொண்டிருந்தார் என்பதை இந்த இரண்டு படங்களே காட்டிவிடும். ஆனால், “நீங்க ஓவர் ஸ்பீடு” என்று அவர் சொன்னால், அதற்குப் பதில் பிரேக் தடத்திலும் சிசிடிவியிலும்தான் இருக்கும். அதனால்தான் எல்லாவற்றையும் எடுக்கச் சொல்கிறோம்.

படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும், மூலப் பதிவைப் போனிலிருந்து அழிக்காதீர்கள். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்குகிறது. எடுத்த நேரம், இடம் போன்ற விவரங்களும் போய்விடும். மின்னணுப் பதிவைச் சாட்சியமாகக் கொடுக்கும்போது பாரதிய சாட்சிய அதிநியமம் 2023, 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் தேவை. அதற்கு மூலப் பதிவு கையில் இருப்பது நல்லது.

சி.எஸ்.ஆர். வேறு, எஃப்.ஐ.ஆர். வேறு

புகாரை எழுத்தில் கொடுங்கள். நேரம், இடம், வண்டி எண், நடந்த வரிசை, கேமரா இருக்கும் இடம் ஆகியவற்றை எழுதி, “அந்தப் பதிவைக் கைப்பற்ற வேண்டுகிறேன்” என்று ஒரு வரி சேருங்கள்.

சி.எஸ்.ஆர். என்பது மனு வாங்கியதற்கான ரசீது. வழக்குப் பதிவு ஆகாது. யாருக்காவது காயம் பட்டிருந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவாகிறதா என்று கவனியுங்கள். அதன் நகலைப் புகார்தாரருக்கு இலவசமாகத் தர வேண்டும். பதிவு செய்ய மறுத்தால், மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்து மூலம் புகார் அனுப்பலாம்.

தமிழ்நாடு காவல்துறையின் குடிமக்கள் சேவை இணையதளத்தில் சாலை விபத்து வழக்கு ஆவணங்களைத் தரவிறக்கலாம். வரைபடத்தை நிதானமாகப் பாருங்கள். வண்டிகளின் இடம் தவறாக இருந்தால், விசாரணை அதிகாரிக்கு எழுத்தில் தெரிவித்து ஒப்புகை வாங்குங்கள். எதிர்த்தரப்பு முந்திக்கொண்டு உங்கள் மேல் புகார் கொடுத்திருந்தாலும் பயப்பட வேண்டாம். முதல் தகவல் அறிக்கை இறுதித் தீர்ப்பு அல்ல.

காருக்கு மட்டும் சேதம் என்றால்

உங்களிடம் முழுக் காப்பீடு இருந்தால், தப்பு யார் மேல் என்ற முடிவுக்குக் காத்திருக்காமல் உங்கள் நிறுவனத்திடமே கோரலாம். உடனே தகவல் கொடுங்கள். சர்வேயர் பார்க்கும் முன் வண்டியைப் பிரிக்காதீர்கள். கோரினால் ‘நோ கிளெய்ம் போனஸ்’ போய்விடும். இது 20 முதல் 50 சதவீதம் வரை கிடைக்கும் சலுகை. சிறு கீறல் என்றால், செலவையும் சலுகையையும் ஒப்பிட்டு முடிவு செய்யுங்கள்.

மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் உங்கள் கார் சேதத்துக்கு அதில் பணம் வராது. எதிர் வண்டியின் உரிமையாளரையும் அவருடைய காப்பீட்டு நிறுவனத்தையும் சேர்த்துத் தீர்ப்பாயத்தில் மனு செய்யலாம்.

காயம் அல்லது மரணம் என்றால்

மோட்டார் வாகனச் சட்டத்தில் இரண்டு வழிகள் உண்டு. 164-ஆம் பிரிவில் யார் தப்பு என்று நிரூபிக்கவே தேவையில்லை: மரணத்துக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் ரூபாய். 166-ஆம் பிரிவில் கவனக்குறைவைக் காட்ட வேண்டும். ஆனால் வருமான இழப்பு, மருத்துவச் செலவு எல்லாம் கணக்கில் வரும். 164-இன் தொகையைப் பெற்றுக்கொண்டால் 166-இன் மனு நிற்காது. எனவே யோசித்து முடிவெடுங்கள்.

166-இன் மனுவுக்குச் சட்டம் குறிப்பிடும் காலம் 6 மாதம். விபத்து நடந்த இடத்தில் மட்டுமல்ல, நீங்கள் வசிக்கும் பகுதியின் தீர்ப்பாயத்திலும் தாக்கல் செய்யலாம். உங்கள் மேலும் பாதித் தப்பு என்று முடிவானால் தொகை அந்த அளவுக்குக் குறையும், முழுவதும் போய்விடாது. வழக்கறிஞர் வைக்க வசதி இல்லாதவர்கள் சட்ட உதவி எண் 15100-ஐ அழைக்கலாம்.

கையெழுத்தில் கவனம்

“இதோட முடிச்சுக்கலாம்” என்று நீட்டப்படும் சமாதானக் கடிதத்தில் அவசரப்பட்டுக் கையெழுத்திடாதீர்கள். அன்று லேசாகத் தோன்றும் கழுத்து வலி, ஒரு வாரம் கழித்து ஸ்கேன் வரை போகலாம். அதேபோல, காப்பீட்டு நிறுவனத்தின் சம்மதம் இல்லாமல் தப்பை ஏற்பதாகவோ பணம் தருவதாகவோ எழுதிக் கொடுப்பது பாலிசி நிபந்தனைக்கு எதிரானது.

உங்கள் நிறுவனமே கோரிக்கையை மறுத்தால், முதலில் அதன் குறைதீர் அதிகாரியிடம் எழுதுங்கள். அங்கே தீராவிட்டால் பீமா பரோசா இணையதளம், அடுத்து காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர்.

இன்றைக்கே ஒரு வேலை: உங்கள் பாலிசி முழுக் காப்பீடா, மூன்றாம் நபர் மட்டுமா, எந்தத் தேதி வரை என்று பார்த்து, அதன் நகலையும் நிறுவனத்தின் உதவி எண்ணையும் போனில் சேமித்துவிடுங்கள்.