கத்தரிக்கோலே தூரிகையாக

பத்தாம் வகுப்பு மாணவி

ஓவியம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் நினைவுக்கு வருவன தூரிகையும் வண்ணக் குழம்புமே. வண்ணத்தாளை வெட்டி ஒட்டுவதை நாம் ஓவியமாகக் கருதுவதில்லை. அது சிறு வகுப்புப் பிள்ளைகளின் கைவேலை என்றும், வரையத் தெரியாதவர்களுக்கு உரியது என்றும் எண்ணிவிடுகிறோம். இந்த எண்ணம் சரிதானா? நம் பாரத நாட்டின் தலைசிறந்த ஓவியர்களுள் ஒருவர், ஐம்பது வயதைக் கடந்தபின் பார்வையை முற்றிலும் இழந்தார். அதன் பிறகு அவர் கையில் எடுத்தவற்றுள் முக்கியமானவை தாளும் கத்தரிக்கோலும்தாம். அவர் பெயர் பினோத் பிகாரி முகர்ஜி. அவருடைய வாழ்க்கையையும் அவர் வேலை செய்த முறையையும் அறிந்தால், வெட்டி ஒட்டுவது எவ்வளவு உயர்ந்த கலை என்பது விளங்கும்.

ஒட்டுச் சித்திரம்

தாள், துணி முதலிய துண்டுகளை ஒரு பரப்பில் ஒட்டி அமைக்கும் சித்திரத்துக்குக் கொலாஜ் என்று பெயர். ஒட்டுதல் என்னும் பொருள் தரும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் இது. பிரெஞ்சு மொழி பயிலும் நம் ஊர்த் தோழியருக்கு இது எளிதில் புரியும். 1912-ஆம் ஆண்டில் பிக்காசோ, நாற்காலிப் பிரம்புப் பின்னல் அச்சிட்ட மெழுகுத் துணியைத் தம் ஓவியத்தில் ஒட்டினார். அதே ஆண்டில் பிராக் என்னும் ஓவியர், மரத்தின் வரிகள் அச்சிட்ட சுவர்த்தாளை வெட்டித் தம் படத்தில் சேர்த்தார். அதுமுதல் ஓவியர்கள் பலர் இம்முறையைக் கையாளத் தொடங்கினர்.

தூரிகையால் வரையும்போது பெரும்பாலும் முதலில் கோடு, பிறகு வண்ணம் என்று இரண்டு வேலைகள். வண்ணத்தாளை வெட்டும்போது இரண்டும் ஒரே வேலையாகிவிடுகின்றன. வெட்டிய விளிம்பே கோடு. வெட்டிய தாளே வண்ணம். நம் புதுவை இருதய ஆண்டவர் பசிலிக்காவின் வண்ணக் கண்ணாடிச் சன்னல்களை நினைத்துப் பாருங்கள். அங்கும் பல நிறக் கண்ணாடித் துண்டுகள் ஒன்றுசேர்ந்தே புனிதர்களின் உருவங்களாகின்றன. துண்டுகளைச் சேர்த்து முழுமை காண்பது நமக்குப் புதிதன்று.

இளமையும் கல்வியும்

பினோத் பிகாரி 1904-ஆம் ஆண்டு கல்கத்தாவை அடுத்த பேஹாலாவில் பிறந்தார். பிறவியிலேயே அவருக்குக் கண் குறை இருந்தது. ஒரு கண்ணில் பார்வை இல்லை. மற்றொரு கண்ணிலோ கிட்டப்பார்வை. இதனால் மற்றப் பிள்ளைகளைப் போல் அவரால் பள்ளியில் படிக்க முடியவில்லை. 1917-ல் மகாகவி தாகூரின் சாந்திநிகேதனத்துக்கு அனுப்பப்பட்டார். இரண்டு ஆண்டுகளுக்குப்பின் அங்குக் கலாபவனம் தொடங்கியபோது அதன் முதல் மாணவர்களுள் ஒருவரானார்.

இவ்வளவு மங்கிய பார்வையுடைய பையனால் ஓவியம் பயில முடியுமா என்று ஆசிரியர் நந்தலால் போஸ் தயங்கினார். அவன் ஆர்வத்தோடு வேலை செய்கிறான் என்றால் இருக்கட்டும், தடுக்க வேண்டாம் என்பதே தாகூரின் கருத்தாக இருந்தது. அன்று அந்த வாசல் அடைக்கப்பட்டிருந்தால் நம் நாடு ஒரு பெரும் கலைஞரை இழந்திருக்கும். 1925-ல் அவர் அதே கலாபவனத்தில் ஆசிரியரானார். திரைப்பட மேதை சத்யஜித் ராய் அவருடைய மாணவர்.

அவருக்கு ஊக்கம் தந்தவை

சாந்திநிகேதனத்தைச் சுற்றியுள்ள பீர்பூம் மாவட்டத்தின் வறண்ட செம்மண் நிலம், பனைமரங்கள், குளக்கரைகள், சந்தால் மக்கள் ஆகியன அவருடைய முதல் பாடங்கள். புராணக் காட்சிகளையும் அரசர்களையும் பலர் வரைந்து கொண்டிருந்த காலத்தில், கண்ணெதிரே உள்ள வெட்டவெளியை அவர் வரைந்தார். 1937-38-ல் ஜப்பான் சென்று, அந்நாட்டு ஓவியர்கள் ஒரே தூரிகை வீச்சில் உருவத்தைக் கொண்டுவரும் திறமையை நேரில் கண்டார். சுருள் சுருளாக விரித்துப் பார்க்கும் நீண்ட ஓவியங்களும் அவருக்கு மிகவும் பிடித்தன. படத்தைக் கண்ணருகே பிடித்துப் பகுதி பகுதியாகப் பார்க்க வேண்டியவருக்குச் சுருள் ஓவியம் ஏற்ற துணையாக இருந்திருக்கும் அல்லவா!

சுவரில் ஒரு பயிற்சி

சாந்திநிகேதனக் கட்டடங்களில் அவர் தீட்டிய சுவரோவியங்கள் புகழ்பெற்றவை. 1940-ல் மாணவர் விடுதியின் கூரையில் ஒரு குளத்தைச் சுற்றிய கிராம வாழ்க்கையைத் தீட்டினார். 1946-47-ல் இந்தி பவனத்தின் மூன்று சுவர்களில் இடைக்கால அடியார்களின் வாழ்க்கையை வரைந்தார். நம் தமிழ்நாட்டின் ஸ்ரீபெரும்புதூரில் அவதரித்த இராமானுசர், கபீர், சூர்தாசர், துளசிதாசர், குரு கோவிந்த் சிங் ஆகியோர் அங்கு மக்கள் கூட்டத்தோடு கலந்து காட்சி தருகின்றனர். இவர்களுள் சூர்தாசர் கண் தெரியாத கவிஞர் என்பது மரபு. அவரை வரைந்த ஓவியரும் பத்து ஆண்டுகளில் அதே நிலையை அடைய இருந்தார்.

ஈரச் சுண்ணச் சுவரில் வண்ணம் தீட்டுவது கடினமான வேலை. அன்றன்று பூசிய பூச்சு காய்வதற்குள் அந்தப் பகுதியை முடித்துவிட வேண்டும். தவறாக விழுந்த கோட்டை அழிக்க இயலாது. பூச்சையே பெயர்த்தெடுக்க வேண்டும். இந்தி பவனத்தில் அவர் முழு அளவு மாதிரிப் படத்தைச் சுவரில் பதித்துக்கொள்ளாமலே நேராக வரைந்தார். தூர நின்று முழுச் சுவரையும் தெளிவாகக் காணும் பார்வை அவருக்கு இல்லை. ஆகவே முழுப் படமும் அவர் மனத்தில் இருந்தாக வேண்டும். கை தொடுமுன் மனம் முடிவு செய்யும் இந்தப் பழக்கந்தான் பின்னாளில் அவரைக் காப்பாற்றியது.

இருள் சூழ்ந்தபின்

1949-ல் அவர் சாந்திநிகேதனத்தை விட்டு நேபாளம் சென்று காட்மாண்டு அருங்காட்சியகத்தில் பணியாற்றினார். பின்னர் இராஜஸ்தானத்தில் பெண்களுக்கான வனஸ்தலி வித்யாபீடத்தில் கற்பித்தார். அதன்பின் முசௌரியில், சிற்பியான தம் மனைவி லீலாவுடன் கலைப் பயிற்சிப் பள்ளி ஒன்றை நடத்தினார். 1957-ஆம் ஆண்டளவில் கண் அறுவை சிகிச்சை ஒன்று பலனளிக்காமற் போகவே, இருந்த சிறிது பார்வையும் போய்விட்டது.

ஓர் ஓவியருக்கு இதைவிடப் பெரிய துன்பம் வேறு என்ன இருக்க முடியும்? ஆனால் அவர் வேலையை நிறுத்தவில்லை. களிமண்ணிலும் மெழுகிலும் சிறு உருவங்கள் செய்தார். பேனாவால் கோட்டுப் படங்கள் வரைந்தார். வண்ணத்தாள்களை மடித்தும் வெட்டியும் ஒட்டியும் சித்திரங்கள் அமைத்தார். பழம் ஏந்திய பெண் என்னும் அவருடைய ஒட்டுச் சித்திரம் 1957-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 1958-ல் கலாபவனத்துக்குத் திரும்பி மீண்டும் மாணவர்களுக்குக் கற்பித்தார்.

கண் தெரியாதவருக்குத் தாள் ஏன் ஏற்றதாயிற்று? சிந்தித்துப் பார்த்தால் காரணம் புரியும். பென்சிலால் இட்ட கோட்டை விரல் அறியாது. ஆனால் வெட்டிய தாளின் விளிம்பை விரல் அறியும். எங்கே வளைகிறது, எங்கே கூர்மையாகிறது, ஒரு துண்டின்மேல் இன்னொன்று எங்கே ஏறியிருக்கிறது என்பதைத் தடவிப் பார்த்தே சொல்லிவிடலாம். மடித்த தாளின் மடிப்பும் அப்படியே. வண்ணத்தை மட்டும் விரல் சொல்லாது. அதற்கு உடனிருப்பவர் பெயர் சொல்லித் தாளை எடுத்துத் தர வேண்டும். எந்த நிறத்தின் அருகில் எந்த நிறம் எப்படி ஒளிரும் என்பதை நினைவிலிருந்து அறிய வேண்டும். ஐம்பது ஆண்டுகள் கூர்ந்து பார்த்தவருக்கு அந்த நினைவு இருந்தது.

மார்கழி மாதத்தில் விடியுமுன்பே வாசலில் கோலமிடும் நம் தாய்மாரையும் பாட்டிமாரையும் இங்கு நினைக்கலாம். இருட்டில் புள்ளிகள் சரியாகத் தெரிவதில்லை. ஆயினும் மாவு விழும் அளவையும் இழை வளையும் இடத்தையும் விரல்கள் அறிந்திருக்கின்றன. ஓவியம் பழக்கத்தால் கைவருவது என்று ஔவைப் பாட்டி பாடி வைத்ததும் இதைக் கண்டுதான் போலும்.

1972-ல் கலாபவனத்தின் சுவர் ஒன்றில் அவர் பீங்கான் ஓடுகளால் ஒரு பெரிய சித்திரம் அமைத்தார். தாளில் அவர் செய்த உருவங்களே அதற்கு அடிப்படை. உதவியாளர்கள் அவற்றை ஓடுகளில் கொண்டுவந்தனர். அதே ஆண்டில் சத்யஜித் ராய் தம் ஆசிரியரைப் பற்றி அகக்கண் எனப் பொருள்படும் பெயரில் ஆங்கிலத்தில் ஒரு செய்திப்படம் எடுத்தார். பார்வையின்மையை ஒரு புதிய அனுபவமாகவே தாம் காண்பதாக ஓவியர் கூறியது அப்படத்தில் இடம்பெற்றுள்ளது. 1974-ல் பத்ம விபூஷண் விருது பெற்ற அவர், 1980-ல் காலமானார்.

கடல் கடந்த ஒரு துணை

இதே வழியில் சென்ற இன்னொருவர் பிரெஞ்சு நாட்டின் பெரும் ஓவியர் ஆன்றி மத்தீஸ். 1941-ல் குடல் புற்றுநோய்க்காக அறுவை சிகிச்சை செய்துகொண்டபின், அவருடைய நாள்கள் பெரும்பாலும் படுக்கையிலும் சக்கர நாற்காலியிலுமே கழிந்தன. உதவியாளர்கள் தாள்களுக்கு வண்ணம் பூசித் தருவர். அவர் கத்தரிக்கோலால் நேராக வெட்டுவார். துண்டுகளைச் சுவரில் ஊசியால் குத்திவைத்து, மனம் நிறைவடையும்வரை இடம் மாற்றச் சொல்வார்.

நோயுற்றிருந்த அவருக்குத் துணையாயிருந்த மோனிக் புர்ழுவா என்னும் இளம்பெண், பின்னர் தொமினிக்கன் சபையில் சேர்ந்து அருட்சகோதரி ஜாக் மரி ஆனார். அவர் காரணமாகவே, வான்ஸ் என்னும் ஊரில் செபமாலை அன்னையின் சிற்றாலயத்தை அழகுபடுத்தும் பணியை மத்தீஸ் ஏற்றார். அதன் மஞ்சள், பச்சை, நீலக் கண்ணாடிச் சன்னல்களையும், குருக்கள் திருப்பலிக்கு அணியும் மேலாடைகளையும் வண்ணத்தாளை வெட்டியே வடிவமைத்தார். வெள்ளை ஓடுகளின்மேல் கறுப்புக் கோடுகளால் சிலுவைப் பாதையையும் வரைந்தார். 1951 ஜூன் மாதத்தில் அச்சிற்றாலயம் அர்ச்சிக்கப்பட்டது. தம் வாழ்நாள் உழைப்பின் சிகரம் அதுவே என்று மத்தீஸ் கருதினார்.

மத்தீஸுக்குக் கண் இருந்தது, நடமாடும் வலிமை இல்லை. பினோத் பிகாரிக்கு நடமாட முடிந்தது, கண் இல்லை. இருவருக்கும் தாளே கைகொடுத்தது. அதற்காகத் தாள் வேலையை இரண்டாந்தரமாக இருவரும் எண்ணவில்லை. முன்பு தூரிகையில் கற்ற அனைத்தையும் அதில் பயன்படுத்தினர். 2017-ல் ஏதென்ஸ் நகரிலும் ஜெர்மனியின் காசெல் நகரிலும் நடைபெற்ற டாக்குமென்டா என்னும் உலகக் கலைக் கண்காட்சியில் பினோத் பிகாரியின் படைப்புகளும் இடம்பெற்றன.

நாமும் முயல்வோம்

ஒட்டுச் சித்திரம் செய்ய அதிகச் செலவு இல்லை. பழைய நாட்காட்டி, திருமண அழைப்பிதழ், மிட்டாய்த் தாள் எதுவும் உதவும். துணித் துண்டுகளைக் கூழாக்கித் தாள் செய்யும் கைமுறைக் காகிதத் தொழிற்சாலையை ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமம் 1959-ல் நம் ஊரில் தொடங்கியது. அத்தகைய தடித்த தாள் கிடைத்தால் அடித்தளத்துக்கு மிகவும் நல்லது. துண்டுகளை முதலில் ஒட்டாமல் பரப்பி, இடம் மாற்றிப் பாருங்கள். பெரியவற்றை முதலிலும் சிறியவற்றைப் பிறகும் ஒட்டுங்கள். பசையை மெல்லியதாகத் தடவி, கனமான புத்தகத்தின் அடியில் வைத்துக் காயவிட்டால் தாள் சுருங்காது. கண்ணை மூடிக்கொண்டு ஓர் இலையையோ மீனையோ கத்தரிக்கோலின்றிக் கையாலேயே கிழித்தும் பாருங்கள். நம் விரல்கள் எவ்வளவு அறியும் என்பது அப்போது தெரியும்.

பொதுத் தேர்வு நெருங்கும் வகுப்புகளில் ஓவியத்தை வீண் பொழுதுபோக்காகச் சிலர் நினைக்கின்றனர். கை வராத பிள்ளைக்கு இது வேண்டாம் என்று சொல்லிவிடுவோரும் உண்டு. பார்வை மங்கிய ஒரு சிறுவனுக்கு இடம் கொடுத்ததால் விளைந்த நன்மையைப் பார்த்தோம். பெற்றோரும் பெரியோரும் அதனை நினைவிற்கொண்டு, ஆர்வமுள்ள எந்தப் பிள்ளைக்கும் தாளையும் வண்ணத்தையும் மறுக்காதிருக்க வேண்டுகிறேன்.

தோழியரே, இறைவன் நமக்குத் தந்த திறமைகள் ஒன்றல்ல, பல. ஒன்று குறைந்தால் மற்றொன்றைக் கொண்டு உழைக்கலாம் என்பதற்கு இவ்விரு கலைஞர்களும் சான்று. கண்ணும் கையும் நன்றாக உள்ள நாம் அவற்றைச் சும்மா வைத்திராமல் நல்ல வேலைக்குப் பயன்படுத்துவோமாக.