மெனுவை மனப்பாடம் செய்ய வேண்டாம்; ஒரு பிரச்னையோடு தொடங்குங்கள்

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி, "எங்கிருந்து கற்கத் தொடங்குவது?" என்பதுதான். பலர் ஒரு புத்தகத்தை வாங்கி, பைல் மெனு, எடிட் மெனு, வியூ மெனு என வரிசையாகப் படிக்கின்றனர். ஒரே வாரத்தில் அலுத்துவிடுகிறது. படித்ததும் மறந்துவிடுகிறது. அவர்களுக்கு நான் சொல்லும் வழி வேறு. உங்கள் வீட்டுப் பிரச்னை ஒன்றை எடுத்துக் கொண்டு கம்ப்யூட்டர் முன் அமருங்கள். அதைத் தீர்க்க எது தேவையோ அதை மட்டும் கற்றுக் கொள்ளுங்கள்.

கல்வித் துறையில் இதற்கு பிராப்ளம் பேஸ்டு லேர்னிங், அதாவது பிரச்னை வழிக் கற்றல் என்று பெயர். இது குறித்த ஆய்வுகள் என்ன சொல்கின்றன, அவற்றில் நமக்குப் பயன்படுவது எது என்று பார்ப்போம்.

எங்கே பிறந்தது?

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் இந்த முறை 1969ல் தொடங்கியது. உடற்கூறு, மருந்தியல் என்று தனித்தனிப் பாடமாக நடத்தாமல், ஒரு நோயாளியின் பிரச்னையை முதலில் மாணவர்கள் முன் வைத்தனர். மாணவர்கள் சிறு குழுவாக அமர்ந்து, தெரிந்தது எது, தெரியாதது எது என்று பிரிக்க வேண்டும். பின்னர் தெரியாததைத் தேடிப் படித்து வந்து பேச வேண்டும். ஆசிரியர் விடை சொல்ல மாட்டார். கேள்வி கேட்டு வழி காட்டுவார். நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் 1974ல் தொடங்கிய மருத்துவக் கல்லூரி இதையே ஏழு படிகளாக வகுத்துக் கொண்டது. இன்று பொறியியல், வணிகம், ஆன்லைன் வகுப்பு என்று பல இடங்களுக்கும் இந்த முறை பரவியுள்ளது.

ஆய்வுகள் சொல்வது என்ன?

2003ல் டாக்கி என்பவரும் அவர் குழுவினரும் 43 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தனர். பிரச்னை வழியில் கற்றவர்கள், கற்றதைப் பயன்படுத்துவதில் முன்னே இருந்தனர். அவர்கள் அறிந்து கொண்ட செய்திகள் சற்றுக் குறைவு. ஆனால் அறிந்தவை அவர்கள் நினைவில் அதிகம் தங்கின.

2006ல் எதிர்க்குரல் வந்தது. கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் ஆகிய மூவரும், வழிகாட்டாமல் பிரச்னையை மட்டும் கொடுத்தால் புதியவர் திணறுவார் என்று எழுதினர். இதை நம் கம்ப்யூட்டரைக் கொண்டே விளக்கலாம். ராம் மெமரி குறைவாக உள்ள கம்ப்யூட்டரில் பத்து புரோகிராம்களை ஒன்றாகத் திறந்தால் அது திணறுகிறது அல்லவா? நம் மூளையின் தற்காலிக நினைவும் அப்படித்தான். புதிய சொல், புதிய பட்டன், புதிய பிரச்னை எல்லாம் ஒரே நேரத்தில் வந்தால் அது நிரம்பிவிடும்.

அடுத்த ஆண்டே மெலோ சில்வர் குழுவினர் பதில் தந்தனர். பிரச்னை வழிக் கற்றலில் வழிகாட்டுதல் உண்டு, அது இல்லாமல் இந்த முறையே இல்லை என்றனர். எனவே இப்போது, பிரச்னை வழி நல்லதா கெட்டதா என்பதைவிட, உதவி எவ்வளவு, எப்போது என்பதே முக்கியமான கேள்வி.

ஏ.ஐ. தரும் உதவி

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளியான பின் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. துருக்கியில் ஏறத்தாழ ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் கணக்குப் பாடத்தில் ஒரு சோதனை நடந்தது. அதன் முடிவு 2024ல் வெளியானது. சாதாரண சாட் புரோகிராமின் உதவியுடன் பயிற்சி செய்தவர்கள், உதவியில்லாதவர்களைவிடப் பயிற்சியில் 48 சதவீதம் கூடுதலாகப் பெற்றனர். ஆனால் உதவியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, ஏ.ஐ. உதவியே பெறாதவர்களைவிட 17 சதவீதம் குறைவாக வாங்கினர். தாங்கள் பின்தங்கியதை அவர்கள் உணரவும் இல்லை.

விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் தரும்படி அமைத்த புரோகிராமைப் பயன்படுத்தியவர்களுக்கு இந்தச் சரிவு பெரும்பாலும் ஏற்படவில்லை. குறிப்பு கற்றுத் தருகிறது. முழு விடையோ பல நேரங்களில் கற்பதைத் தடுத்துவிடுகிறது.

உங்கள் முதல் பிரச்னை

"இந்த மாதம் வீட்டுச் செலவு எதனால் கூடியது?" இதையே எடுத்துக் கொள்வோம். எக்ஸெல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் போதும்.

1. தாளில் இரண்டு பட்டியல் எழுதுங்கள். தெரிந்தவை: டைப் செய்வது, பைலை சேவ் செய்வது. தெரியாதவை: கூட்டுவது, வரிசைப்படுத்துவது.

2. முதல் வரிசையில் தேதி, வகை, தொகை என்று தலைப்பு கொடுத்துச் செலவுகளை டைப் செய்யுங்கள். சென்ற மாதத்துக்குத் தனி ஷீட் வைத்துக் கொள்ளுங்கள். மளிகை, மின்சாரம், பள்ளி என்று வகைப் பெயர்கள் இரண்டிலும் ஒரே மாதிரி இருக்கட்டும்.

3. தொகைகளுக்குக் கீழே உள்ள காலி செல்லில் கிளிக் செய்யுங்கள். ஆங்கில எம் எழுத்தைப் பக்கவாட்டில் சாய்த்தது போன்ற சிக்மா குறியுள்ள பட்டனை அழுத்தி என்டர் தட்டுங்கள். மாத மொத்தம் கிடைக்கும்.

4. இனி நீங்களே தேடுங்கள். ஒரே வகைச் செலவுகளை அடுத்தடுத்துக் கொண்டுவருவது எப்படி? டேட்டா மெனுவில் சார்ட் என்ற சொல் ஒரு குறிப்பு. மொத்தம் உள்ள கடைசி வரியை விட்டுவிட்டு, தலைப்புடன் மீதி அட்டவணை முழுவதையும் தேர்வு செய்து முயலுங்கள். தவறினால் கண்ட்ரோல் + இசட் அழுத்தினால் பழைய நிலைக்கு வந்துவிடும்.

5. ஒரு வகையின் தொகைகளை மட்டும் மவுஸால் இழுத்துத் தேர்வு செய்து, திரையின் அடிப்பகுதியைப் பாருங்கள். அந்த வகையின் கூட்டுத்தொகை அங்கே தெரியும். சென்ற மாதத்துடன் ஒப்பிட்டால் எது கூடியது என்று புரிந்துவிடும்.

6. மறுநாள், குறிப்பைப் பார்க்காமல் புதிய ஷீட்டில் மீண்டும் செய்யுங்கள். உண்மையான தேர்வு இதுதான்.

சிக்கிக் கொண்டால் பத்து நிமிடம் நீங்களே முயலுங்கள். பிறகு ஏ.ஐ. உதவி கேட்கலாம். "விடை வேண்டாம், அடுத்த ஒரு படிக்குக் குறிப்பு மட்டும் கொடு" என்று டைப் செய்யுங்கள். வீட்டில் பிள்ளைகளிடம் கேட்டால் மவுஸை வாங்கி நாலு கிளிக்கில் முடித்துக் கொடுத்துவிடுவார்கள். அதுவும் முழு விடைதான். "நீ சொல்லு, நான் செய்கிறேன்" என்று மவுஸை உங்கள் கையிலேயே வைத்துக் கொள்ளுங்கள்.