நோயை மறைத்து வேலை தேடலாமா?

கணவரை இழந்த ஒரு தாயார் நம்மிடம் விளக்கம் கேட்டார்கள். அவர்களுடைய மகனுக்குச் சிறு வயது முதல் வலிப்பு நோய் உண்டு. மாத்திரை சாப்பிட்டு வருவதால் சில மாதங்களாக வலிப்பு வரவில்லை. டிரைவிங் லைசென்ஸும் எடுத்துவிட்டார். வளைகுடா நாடொன்றில் டிரைவர் வேலை வந்திருக்கிறது. விண்ணப்பப் படிவத்தில், வலிப்பு உண்டா என்றொரு கேள்வி இருக்கிறது. "இல்லை என்று எழுதிவிடு, எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள்" என்கிறார் ஏஜெண்ட். வீட்டிலோ இரண்டு குமர் காத்திருக்கிறது. உண்மையை எழுதினால் சபர் தட்டிப்போய்விடுமே, மறைத்தால் குற்றமாகுமா என்பது அந்தத் தாயாரின் கேள்வி.

இது ஒரு வீட்டுக் கேள்வியன்று. சர்க்கரை வியாதி, ஆஸ்துமா, இருதய நோய் என்று ஏதேனுமொன்று இல்லாத குடும்பம் இன்று அரிது. ஆகவே இதைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

முதலாவது, நோய் இழிவன்று. வலிப்பு நோயுள்ள ஒரு பெண்மணி நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து, தம் நோய்க்காக துஆச் செய்யும்படி வேண்டினார்கள். பொறுமை கொண்டால் சுவனம் உண்டு, விரும்பினால் குணமடைய துஆச் செய்வதாக நாயகம் (ஸல்) அவர்கள் கூறினார்கள். அப்பெண்மணி பொறுமையையே தேர்ந்தெடுத்து, வலிப்பு வரும்போது தம் உடல் திறந்துவிடாதிருக்க மட்டும் துஆக் கேட்டார்கள். புகாரி, முஸ்லிம் இரு கிரந்தங்களிலும் பதிவான செய்தி இது. அவர்கள் சொல்ல வேண்டிய இடத்தில் தம் நோயைச் சொன்னார்கள். மறைக்க வேண்டியதை மறைக்கவும் விரும்பினார்கள். நம் கேள்விக்கான விடையின் இரு பாதிகளும் இதில் அடங்கியிருக்கின்றன.

இரண்டாவது, வேலை என்பது ஓர் ஒப்பந்தம். ஃபிக்ஹு நூல்களில் இது 'இஜாரா' என்னும் பாடத்தில் வருகிறது. நாம் விற்பது நம் உழைப்பை. விற்கும் பொருளின் குறையை மறைக்கலாகாது என்பது நாமறிந்ததே. கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை நுழைத்தபோது உள்ளே ஈரமிருந்தது. மழையில் நனைந்ததென்று வியாபாரி சொன்னதும், மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, மோசம் செய்பவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். மூஸா (அலை) அவர்களைக் கூலிக்கு அமர்த்தச் சொன்ன மத்யன் நகரப் பெண்மணி, வலிமை, நம்பிக்கை ஆகிய இரண்டையுமே தகுதியாகக் குறிப்பிட்டதைத் திருக்குர்ஆனின் 28-ஆம் அத்தியாயத்தில் காண்கிறோம். வலிமையில் குறைவிருக்கலாம், அது நம் கையிலில்லை. நம்பிக்கையில் குறைவு வைப்பதோ நாமே செய்யும் காரியம்.

அப்படியானால் எல்லா நோயையும் எல்லாரிடமும் சொல்லிவிட வேண்டுமா? வேண்டியதில்லை. மூன்று நிலைகளைப் பிரித்தறிய வேண்டும்.

1. அந்த வேலையையோ, பிறர் உயிரையோ பாதிக்கும் நோயானால், கேட்காவிட்டாலும் சொல்லியாக வேண்டும். வண்டி ஓட்டுதல், உயரத்தில் ஏறுதல், சுழலும் எந்திரத்தருகே நிற்றல் ஆகிய வேலைகளில் வலிப்பு இவ்வகையைச் சேர்ந்தது.

2. வேலையைப் பாதிக்காத நோயானால், கேட்காதவரை பேசாமலிருக்கலாம். கணக்கெழுதுபவருக்குக் கட்டுக்குள் இருக்கும் சர்க்கரை வியாதி அவருடைய சொந்த விஷயம். இது மோசடியாகாது.

3. நேராகக் கேட்கப்பட்டால் பொய் எழுதலாகாது. மௌனம் வேறு, பொய் வேறு.

சொல்லும் முறையும் உண்டு. "நான் நோயாளி" என்று பரிதாபமாக நிற்க வேண்டியதில்லை. நோய் இன்னது, சிகிச்சை இன்னது, இந்த வேலைகளைக் குறையின்றிச் செய்வேன், இவ்வளவு ஏற்பாடு வேண்டும் என்று டாக்டரின் சான்றிதழோடு சொல்வதே அழகு. பார்வையற்ற இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் மதீனாவின் முஅத்தின்களில் ஒருவர். விடியலை அவர்களால் காண இயலாது. விடிந்துவிட்டது என்று மக்கள் சொன்ன பிறகே பஜ்ருடைய பாங்கு சொல்வார்கள். குறை தெரிந்திருந்ததால் ஏற்பாடு இருந்தது. ஏற்பாடு இருந்ததால் பணியும் பழுதின்றி நடந்தது.

மறைப்பவருக்கு இந்த ஏற்பாடு கிடைக்காது. உடனிருப்போர் காணாதிருக்க மாத்திரையை ஒளிப்பார், வேளை தவறும், வலிப்பு திரும்பும். அருகிலிருப்பவர் விவரமறியாமல் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பார், வாயில் எதையாவது நுழைப்பார். விவரம் தெரிந்தவரோ ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் வைக்காமல், ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவமனைக்குக் கொண்டு போவார்.

முதலாளிமார்களுக்கும் ஒரு சொல். உண்மையைச் சொன்னவரை அதற்காகவே விரட்டினால், அடுத்தவருக்குப் பொய்யைக் கற்றுக் கொடுத்தவர்களாவோம். சொல்லப்பட்ட நோய் ஓர் அமானத்து. கடையில் நாலு பேர் முன்னிலையில் அதைப் பேசுவது புறமாகும். நம் நாட்டுச் சட்டமும் இதில் கவனம் செலுத்தியிருக்கிறது. எச்.ஐ.வி. பரிசோதனையை வேலைக்கு நிபந்தனையாக்குவதை 2017-ஆம் ஆண்டின் சட்டம் தடுக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் நாட்பட்ட நரம்பு நோய்களும் தலசீமியாவும் உள்ளன.

இனி அந்தத் தாயாருக்கு நம் பதில்: அம்மா, 'இல்லை' என்று எழுத வேண்டாம். டிரைவர் வேலையும் வேண்டாம். லைசென்ஸுக்கான உடல்தகுதிப் படிவத்திலும் வலிப்பு உண்டா என்ற கேள்வி இருக்கிறது. எனவே லைசென்ஸ் கையிலிருப்பது சமாதானமாகாது. சாலையில் போகும் இன்னொரு தாயின் பிள்ளையும் இதில் சம்பந்தப்பட்டிருக்கிறது. டாக்டரைக் கலந்து, கடை, அலுவலகம், தையல், கணக்கு போன்ற வேலைகளை மகன் உண்மை சொல்லியே தேடட்டும். சம்பளம் குறையலாம், குமர் காரியம் சற்றுத் தாமதமாகலாம். அந்தச் சுமை லேசானதென்று நாம் சொல்லவில்லை. அதை உங்கள் தலையில் மட்டும் விட்டுவிடாமல் தோள் கொடுப்பது ஜமாஅத்தாரின் கடமை என்பதையும் இங்கே நினைவூட்டுகிறோம்.

அல்லாஹுத்தஆலா நோயுற்றோருக்கு ஷிஃபாவையும், ஹலாலான ரிஸ்கில் பறக்கத்தையும் தந்தருள்வானாக. ஆமீன்.