திரை காட்டும் சிற்பியும் கல் காட்டும் சிற்பியும்

(பத்தாம் வகுப்பு மாணவியர்)

முன்னுரை

கோயில் கட்டுவித்த மன்னர்களின் பெயர்களை நாம் மனப்பாடம் செய்கிறோம். உளி பிடித்தவர் யார் என்று கேட்டால் விழிக்கிறோம். அக்குறையைத் தீர்ப்பது போல, 1964-ஆம் ஆண்டில் ஒரு சிற்பியின் வாழ்க்கை திரைப்படமாயிற்று. சென்னையில் விக்ரம் ஸ்டூடியோவை நடத்திய பி. எஸ். ரங்கா, ‘அமரசில்பி ஜகணாசாரி’ என்று கன்னடத்திலும், ‘அமரசில்பி ஜக்கண்ணா’ என்று தெலுங்கிலும் அதை எடுத்தார். கன்னடத்தின் முதல் முழுநீள வண்ணப்படம் அதுவே.

திரையில் வந்த கதை

படத்துக்கு அடிப்படை கர்நாடகத்தில் வழங்கும் பழங்கதை. பேலூர்க் கோயிலில் ஜகணாசாரி செதுக்கிய சிலையில் குறை உண்டு என்றான் ஓர் இளம் சிற்பி. குறையிருந்தால் வலக்கையை வெட்டிக்கொள்வதாகச் சபதம் செய்தார் ஜகணாசாரி. சிலைக்குச் சந்தனம் பூசினார்கள். வயிற்றுப் பகுதி மட்டும் உலரவில்லை. அங்கே தட்டியபோது நீரும் தேரையும் வெளிப்பட்டன. சொன்னபடியே அவர் கையை வெட்டிக்கொண்டார். அவ்விளைஞன் தம் மகனே என்று பிறகுதான் அறிந்தார்.

கல் கூறும் செய்தி

கேட்கவே நெஞ்சம் உருகுகிறது. ஆயினும் பேலூர் ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனன் 1117-இல் எழுப்பிய கோயில். அங்குள்ள சிற்பங்களின் அடியில் சிற்பிகளே தங்கள் பெயர்களைப் பொறித்துள்ளனர். அவர்களுள் பள்ளிகாவியைச் சேர்ந்த தாசோஜனும் அவன் மகன் சாவணனும் உண்டு. கதையில் தந்தையும் மகனும் மோதினார்கள்; கல்லிலோ தந்தையும் மகனும் ஒரே கோயிலில் வேலை செய்தார்கள்! கதை ஒருவரை மட்டும் உயர்த்துகிறது. கல் பலரை நினைவூட்டுகிறது.

ஜெர்மனியில் ஒரு படம்

இரண்டாம் உலகப் போரின் நடுவே, 1942-இல், ஜெர்மனியில் ‘ஆந்திரேயாஸ் ஷ்லூட்டர்’ என்ற படம் வெளிவந்தது. ஷ்லூட்டர் பெர்லின் அரண்மனையைக் கட்டிய சிற்பி. அவர் எழுப்பிய கோபுரம் சரியத் தொடங்கியதால் அரண்மனைப் பொறுப்பை இழந்தார். 1714-இல் ரஷ்யாவில் காலமானார். தனியொரு மேதைக்கு மற்றவர் பணிய வேண்டும் என்ற எண்ணத்தை வளர்க்க அன்றைய நாஜி ஆட்சிக்கு அவர் வாழ்க்கை உதவிற்று. ஆனால் பெர்லின் ஆயுதசாலைச் சுவரில் அவர் செதுக்கியவை, உயிர் பிரியும் போர்வீரர்களின் 22 முகங்கள். போர் என்றால் என்ன என்பதை அவை இன்றும் சொல்கின்றன.

முடிவுரை

ஆகவே தோழியரே, வாழ்க்கைப் படம் பார்க்கும்போது கண்ணீர் விடுவோம். கூடவே, ‘இதில் எது கதை, எது வரலாறு, யாருக்காக எடுத்தார்கள்?’ என்றும் கேட்போம். நம் இராயபுரம் இரயில் நிலையம் 1856-இல் திறக்கப்பட்டது. அதன் தூண்களை நிறுத்திய கொத்தனார்களையும், சுண்ணாம்பும் செங்கல்லும் சுமந்த பெண்களையும் எத்திரையிலும் நாம் கண்டதில்லை. துறைமுகத்திலும் எண்ணூர் ஆலைகளிலும் உழைப்போரின் பிள்ளைகள் நம்மில் பலர். பெயர் பொறிக்கப்படாத கைகளை நாமாவது மறவாதிருப்போம்.