மரத்தை மதித்த கலைஞர்

வேப்பம்பட்டில் தச்சுப் பட்டறையைக் கடந்து பள்ளிக்கு வரும் நாம், விரிசல் விட்ட பலகை விறகுக்குப் போவதைக் காண்கிறோம். அத்தகைய பலகையையே அழகிய மேசையாக்கிய ஒருவரைப் பற்றி அறிவோமா?

ஜார்ஜ் நகஷிமா 1905இல் அமெரிக்காவின் ஸ்போகேன் நகரில், ஜப்பானிலிருந்து குடியேறிய பெற்றோருக்கு மகனாய்ப் பிறந்தார். கட்டடக்கலை பயின்று, டோக்கியோவில் அன்டோனின் ரேமண்டிடம் பணியாற்றினார். 1937இல் புதுச்சேரிக்கு வந்து, அரவிந்தர் ஆசிரமத்தின் ‘கோல்கொண்ட்’ விடுதிக் கட்டுமானத்தை மேற்பார்வையிட்டார். அதற்கான தேக்கு மரச்சாமான்களையும் வடிவமைத்தார்.

பின்னர் அமெரிக்கா திரும்பினார். இரண்டாம் உலகப் போரின்போது, ஜப்பானிய வம்சத்தவர் என்ற ஒரே காரணத்தால், 1942இல் மனைவியுடனும் கைக்குழந்தையுடனும் முகாமில் அடைக்கப்பட்டார். அங்கும் அவர் சோர்ந்துவிடவில்லை. உடனிருந்த தச்சர் ஒருவரிடம் ஜப்பானியத் தச்சுமுறையைக் கற்றார். படித்த கட்டடக்கலைஞர் தச்சருக்கு மாணவரானார்!

1943இல் ரேமண்டின் உதவியால் வெளிவந்து, பென்சில்வேனியாவின் நியூ ஹோப்பில் பட்டறை அமைத்தார். பலகையின் இயற்கையான ஓரத்தைச் சீவாமல் விட்டார். விரிசலை மறைக்காமல், வண்ணத்துப்பூச்சி வடிவக் கட்டையைக் குறுக்கே பதித்து, மேலும் பிளவாதபடி பிணைத்தார். அதுவே அவர் மேசைகளின் அடையாளமாயிற்று. 1990இல் அவர் மறைந்தார்.

தோழியரே, பிறப்பைக் காட்டி ஒதுக்கப்பட்டவர், குறையைக் காட்டி எந்தப் பலகையையும் ஒதுக்கவில்லை. மரத்துக்கே அந்த மதிப்பு உண்டெனில், மனிதருக்கு எவ்வளவு இருக்க வேண்டும்!