காமிராவின் சாவிக்குறி

சென்ற ஆண்டு பொங்கலுக்கு எங்கள் ஊராகிய கோபிநத்தம் சென்றிருந்தேன். காவிரிக் காட்டோரம், ஒகேனக்கலுக்கு அணித்தாக, கருநாடக எல்லைக்குள் தமிழ் பேசும் ஊர் அது. படமென்றாலே முந்தானையால் முகத்தை மறைக்கும் பாட்டி, அன்று என்ன நினைத்தாரோ, பொங்கற்பானையருகே அமர்ந்து சிரித்தார். பதினொரு படங்கள்! அத்தனையையும் காமிராவில் ‘புரொடெக்ட்’ செய்தேன். மூலையில் சாவிக்குறி விழுந்தது. கவலையின்றி மைசூர் திரும்பி, ஆய்வுக்கூடப் பணிக்காகக் கார்டை ‘ஃபார்மட்’ செய்தேன். சாவியும் இல்லை, சிரிப்பும் இல்லை.

நண்பர்களே, அச்சாவி பூட்டியது எதை? கார்டினுள் படங்களைத் தவிர, அவற்றின் பட்டியலும் உண்டு. பட்டியலில் படத்திற்கென உள்ள பதிவில், ‘இதை மாற்றலாகாது’ என்று சொல்லும் ஒரே ஒரு பிட் இருக்கிறது. சாவிக்குறி அந்தப் பிட்டை 1 ஆக்குவதேயாம். ‘எல்லாவற்றையும் அழி’ என்று நாம் ஆணையிடும்போது காமிரா பட்டியலைப் படித்து, 1 உள்ள படங்களை விட்டுவிடும். ஃபார்மட்டோ பட்டியலைப் படிப்பதேயில்லை. பழைய பட்டியலை நீக்கிப் புதியது எழுதிவிடுகிறது. ஏட்டையே கிழித்தபின் ஏட்டிலிருந்த குறிப்பு என்ன செய்யும்? ஃபார்மட்டுக்கு முன் காமிரா எச்சரிக்கத்தான் செய்தது. நான்தான் படிக்கவில்லை.

கார்டின் விளிம்பிலுள்ள சிறு தாழ்ப்பாள் வேறு வகை. அதைத் தள்ளியிருந்தால் காமிரா எழுதவும் மறுக்கும், அழிக்கவும் மறுக்கும், ஃபார்மட்டும் செய்யாது. ஆனால் மைக்ரோ கார்டில் அத்தாழ்ப்பாள் கிடையாது. இன்னொன்று: எல்லாம் அழித்தும் கார்டு நிறைந்தே இருப்பதாகச் சிலர் குறைபடுவர். சாவிக்குறியிட்ட பழைய படங்கள் இடத்தை அடைத்திருக்கும். குறியை நீக்கினால் அவையும் அழியும்.

எங்கள் ஊர்ப்பக்கத்துக் காட்டிற்கும் இது பொருந்தும். கருநாடகத்தில் தேன்வளைக்கரடி உண்டென்பதற்கு 2014-இல் வெளியான படச்சான்று, காவிரி வனவிலங்குச் சரணாலயத்துத் தானியங்கிக் காமிராக்கள் தந்ததே. அத்தகைய ஒரு படம், நூற்றுக்கணக்கான வெறும் படங்களுக்கிடையே ஒரு கார்டில் கிடக்கும். பிரதி எடுக்குமுன் கார்டைக் காலி செய்தால் சான்றும் போகும்.

என் கதைக்கு வருகிறேன். பட்டியல் போனாலும், மேலே வேறு எழுதப்படும்வரை படத்தின் தரவு பெரும்பாலும் கார்டிலேயே கிடக்கும். ஆகவே இழந்தது தெரிந்த கணமே கார்டை வெளியே எடுத்துவிட வேண்டும். ஃபோட்டோரெக் என்னும் இலவச நிரல் பட்டியலை நம்பாமல், ஜேபெக் படத்தின் தொடக்க அடையாளத்தைத் தேடி மீட்கும். மீட்டவற்றை அதே கார்டில் எழுதலாகாது, வேறு வட்டில்தான் சேமிக்க வேண்டும். ஏழு படங்கள் கிடைத்தன. ஃபார்மட்டுக்குப் பின் ஆய்வுக்கூடத்தில் நான் எடுத்த படங்கள் மற்ற நான்கையும் விழுங்கியிருந்தன.

இப்போதெல்லாம் கணினியிலும் தனி வட்டிலுமாக இரண்டு பிரதிகள் எடுத்து, அவற்றைத் திறந்து பார்த்த பின்னரே கார்டைக் காலி செய்கிறேன். பாட்டி மாசியில் காலமானார். அந்த ஏழில் ஒன்றுதான் கோபிநத்தத்து வீட்டுச் சுவரில் மாலையுடன் இருக்கிறது.