சேதுக் காசும் சாய்ந்த வெளிச்சமும்

நம்பிக்கை: படமெடுக்க முதல் காசைத் தேய்த்து மினுக்க வேண்டும்.

சாவகச்சேரிப் பக்கத்தில் பழைய சேதுக் காசு ஒன்று அகப்பட்டால் வீட்டில் உடனே தேடுவது புளியை, இல்லாவிட்டால் தேசிக்காயை. யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகள் வெளியிட்ட செப்புக் காசு அது. ஒரு பக்கம் நிற்கும் அரசன், மறுபக்கம் படுத்திருக்கும் நந்தி, கீழே தமிழில் 'சேது'. நூற்றாண்டுகளாக ஏறிய பச்சைப் படிவிலேதான் பல வேளை எழுத்தின் விளிம்பு தங்கியிருக்கும். புளி அதையும் கரைத்துக்கொண்டு போய்விடும். மினுக்கிய செம்பு கமெராவுக்கும் ஆகாது. கமெரா நகர நகர மினுக்கமும் இடம் மாறும். படங்களிலிருந்து காசின் உருவை அமைக்கும் கணினி அதைக் காசின் மேடுபள்ளம் என்று நம்பி இல்லாத குழிகளை வரைந்துவிடும்.

நம்பிக்கை: வெளிச்சம் கூடினால் எழுத்துத் தெளியும்.

உச்சி வெயிலில் வைத்துப் பாருங்கள், நந்தியே தட்டையாகிவிடும். மேடுபள்ளத்தைக் காட்டுவது நிழல். அறையை இருட்டாக்கி, ரோச் லைற்றை மேசையோடு ஒட்டச் சாய்த்துப் பிடித்தால் திமில் எழும்பி நிற்கும். ஆனால் ஒளி வரும் திசையிலேயே ஓடும் கோடு மறைந்துபோகும். ஆகவே கமெராவையும் காசையும் அசைக்காமல், விளக்கை மட்டும் சுற்றிவர நகர்த்திப் பல படங்கள் எடுக்கிறார்கள். பக்கத்தில் ஒரு கறுப்புப் பளிங்கு உருண்டை இருக்கும். அதில் விழும் ஒளிப்புள்ளியை வைத்து விளக்கு நின்ற திசையைக் கணினி கணக்கிடும். விளக்கின் திசையை மாற்றிப் படமெடுக்கும் இந்த முறையை 2001இல் ஹியூலற் பக்கார்ட் ஆய்வுகூடத்தின் ரொம் மல்ஸ்பெண்டரும் கூட்டாளிகளும் வெளியிட்டார்கள். 2005இல் ஏதென்ஸில், துருவேறிய பண்டைய கிரேக்க அன்ரிகித்தெரா பொறியின் எழுத்துகளை வாசிக்கவும் இது கைகொடுத்தது.

நம்பிக்கை: அதோடு முப்பரிமாண உரு கிடைத்துவிடும்.

பாதிதான் சரி. விளக்கை நகர்த்தும் முறை மேற்பரப்பின் சரிவைச் சொல்லும். காசின் கனமும் விளிம்பும் அதில் வராது. முழு உருவுக்கு, ஒன்றின்மேல் ஒன்று படியும் படங்களைப் பல கோணங்களில் எடுக்க வேண்டும். அங்கே வெளிச்சத்தின் விதி தலைகீழ்: நிழலே கூடாது. காசைத் தட்டில் சுழற்றினால், ஒரு பக்கத்து விளக்கின் நிழல் காசின்மேல் ஊர்ந்து கணக்கைக் குழப்பும்; நாலு பக்கமும் வெள்ளைத் துணியால் ஒளியை மென்மையாக்குவது அதனால்தான். விளக்கிலும் வில்லையிலும் ஒன்றுக்கொன்று குறுக்காக முனைவாக்கும் தாள் பொருத்தினால் மினுக்கம் அடங்கும். பச்சை படிந்த செம்புக்கு இது நல்ல வழி. மினுக்கிய வெள்ளியோ படத்தில் கறுத்துப்போகும், ஏனென்றால் அதன் வெண்மையே மினுக்கந்தான். காசை ஒருமுறையாவது நிமிர்த்தி வைத்து விளிம்பையும் எடுத்துவிடுங்கள். அது இல்லாமல் முன்பக்கமும் பின்பக்கமும் கணினியில் ஒட்டாது.